அம்பாசடருக்குப் பெரிய எஞ்சின்

செப்டம்பர் 9, செவ்வாய்

காரைப் பட்டறையில் விட்டுவிட்டு ஆட்டோவில் திரும்பினோம். ஆட்டோவில் ஏறுவது எனக்குப் பிடிக்காது என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

அம்பாசடரின் பழைய எஞ்சினை இறக்கிவிட்டு, காண்டெசா காரின் ஆயிரத்து எண்ணூறு சி.சி. எஞ்சினைப் பொருத்துவதென்று முடிவு செய்திருக்கிறேன். நவம்பர் 22 அன்று கோத்தகிரியில் எங்கள் கான்வென்ட்டின் பழைய மாணவிகள் சந்திப்பு. மேட்டுப்பாளையத்திலிருந்து நானே ஓட்டிக்கொண்டு போய், பள்ளி வாசலில் நானே நிறுத்தி இறங்க வேண்டும். போன வருடம் நடந்தது மறுபடி நடக்கக் கூடாது.

போன வருடம் மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் எஞ்சின் கொதித்துவிட்டது. ஓரமாக நிறுத்தினேன். பின்னால் வந்த என் வகுப்புத் தோழி ரோகிணி தேவசகாயம் தன் காரில் ஏற்றிக்கொண்டாள். அவள் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நானும் என் நாத்தனார் மனோன்மணியும் பின்னால், ரோகிணியின் நாயோடு. நாய் மலை உச்சி வரை என் மடியில் முகவாயை வைத்துக்கொண்டு தூங்கியது. எல்லோரும் பார்த்திருக்க, புடவை முழுக்க நாய் முடியோடு இறங்கினேன்.

மனோன்மணிக்கு அன்று தொண்டை கட்டி ஒரு வார்த்தைகூடப் பேச முடியவில்லை. அந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அது.

பட்டறைக்காரர் சென்னியப்பன் வாயாடி. பானெட்டைத் திறந்து வெகுநேரம் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, இருக்கற எஞ்சினுக்கு என்னங்க கொறை?"

"மலையில கொதிக்குது."

"கொதிச்சா ரேடியேட்டரக் கழுவுனாப் போச்சுங்க. அதுக்குப் போயி எஞ்சினையே மாத்தோணுங்களா?"

"மாத்தணும்னா மாத்தணும். உங்களால முடியுமா, முடியாதா?"

"முடியாதுங்கற வார்த்தைய இந்தப் பட்டறையில யாரும் கேட்டதில்லீங்க. மாட்டு வண்டிக்கு எஞ்சின் வெக்கச் சொன்னாலும் வெச்சுத் தருவேன். மாடுதான் கோவிச்சுக்கும்."

மனோன்மணி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

சலவைத் தூள் தரம் கெட்டுவிட்டது. வெள்ளைத் துணி எல்லாம் பழைய காகிதம்போல மஞ்சளாக இருக்கிறது. வேலைக்காரியை நம்பாமல் நானே வாளியில் நீலம் கலந்து அலசினேன். ஒரு முறை போதவில்லை. மூன்று முறை அலசிய பிறகுதான் வெண்மை வந்தது.

மாலையில் மனோன்மணி நான் அலசிய வெள்ளைப் புடவையைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். திரும்பி வந்ததும், "என்னம்மா இது, வானத்த எடுத்துச் சுத்திக்கிட்டு வந்திருக்கீங்கன்னு பூக்காரி கேக்கறா" என்றாள். பூக்காரிக்கு எல்லாமே வேடிக்கை.

செப்டம்பர் 17, புதன்

இன்று எஞ்சினை வெளியே எடுத்தார்கள். சங்கிலியில் கட்டி மேலே தூக்கியபோது அது மெல்லச் சுழன்றபடி அந்தரத்தில் நின்றது. என் கணவர் சோமசுந்தரம் இந்தக் காரை வாங்கிய நாளிலிருந்து அது எங்கள் கால்களுக்கு முன்னால் ஒளிந்துகொண்டு ஓடியிருக்கிறது. முதன்முறையாக முழுதாகப் பார்த்தேன். முழுதாக என்றால், பட்டறைக்குள் வெளிச்சம் குறைவு. ஒரு கறுப்பு மேகம் தொங்குவதுபோல இருந்தது.

சென்னியப்பன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. இது கொதிச்ச எஞ்சினே இல்லீங்க. மேல் மூடியக் கழட்டிப் பாத்துட்டேன். உள்ள எல்லாம் புதுசாட்டம் இருக்குது. கொதிச்சிருந்தா ஒரு தடமாவது இருக்கோணுமில்லீங்க."

மனோன்மணி கூரையில் எதையோ கவனமாகப் பார்க்க ஆரம்பித்தாள்.

"சென்னியப்பன், உங்கள எஞ்சினை எறக்கத்தான் சொன்னேன். சாட்சி சொல்லச் சொல்லலை."

"அதுக்கில்லீங்க. நல்ல எஞ்சினத் தூக்கி ஓரமா வெக்கறதுக்கு எனக்கே மனசு வல்லீங்க."

"உங்க மனசுக்கு அப்புறம் சமாதானம் சொல்லிக்கலாம். வேலையைப் பாருங்க."

செப்டம்பர் 18, வியாழன்

நேற்று நடந்ததைப் பற்றி மேலும் எழுத ஒன்றுமில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

இந்த வருடம் பனி சீக்கிரமே இறங்கிவிட்டது. காலையில் வாசலில் நின்றால் எதிர்வீட்டு மாமரம் ஒரு நிழலாக மட்டும் தெரிகிறது. பத்து மணிக்கும் அப்படியே இருக்கிறது. பால்காரி பனியே இல்லை என்கிறாள். மாட்டைத் தவிர வேறெதையும் அவள் நிமிர்ந்து பார்த்ததில்லை.

மாலையில் தெருவிளக்குகள் எரிந்ததும் ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வளையம். கான்வென்ட்டின் சிற்றாலயத்தில் புனிதர்களின் தலைக்குப் பின்னால் தீட்டியிருந்த ஒளிவட்டம் மாதிரி. ஸ்கூட்டரில் போகிறவர்கள்கூட அந்த ஒளியோடு போகிறார்கள். மீன் விற்கிறவன் மிதித்துவந்த சைக்கிளின் விளக்குக்கும் ஒன்று இருந்தது. வெகுநேரம் ஜன்னலில் நின்றேன். இது அழகாக இருக்கிறது என்பதை மறுக்க மனம் வரவில்லை.

இந்த டைரியின் கோடுகளை மிகவும் மங்கலாக அச்சிட்டிருக்கிறார்கள். எழுத்து கோட்டைவிட்டு இறங்குகிறது. கான்வென்ட்டில் கையெழுத்துக் கற்றுத்தந்த சிஸ்டர் யூலாலியா பார்த்தால் ஸ்கேலால் விரல் முட்டியில் தட்டுவார். நாளை முதல் தடித்த பேனா.

அக்டோபர் 8, புதன்

ஆயுத பூஜை. பட்டறைக்குப் போனோம். காண்டெசா எஞ்சின் வந்துவிட்டது. மரப்பலகைமேல் உட்கார்த்தி, கார்புரேட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, மல்லிகைச் சரத்தைச் சுற்றியிருந்தார்கள். எண்ணெய் வாசனையோடு மல்லிகை கலந்து வந்தது.

சென்னியப்பன் பொரியும் கடலையும் கொடுத்தார். "மாப்பிள்ள எப்படிங்க?" என்று எஞ்சினைக் காட்டினார்.

"எங்க வண்டிக்கு வயசு முப்பத்தி நாலு. மாப்பிள்ளைக்கு?" என்றாள் மனோன்மணி.

"பதினஞ்சுங்க. அந்தக் காலத்துல வயசெல்லாம் பாப்பாங்க. இப்ப யாருங்க பாக்கறாங்க?"

ஆர்.சி. புத்தகத்தில் மாற்றி எழுதுவதற்கு எஞ்சின் எண் வேண்டும். பிறர் படித்துச் சொன்னதை நான் ஏற்பதில்லை. நானே படித்தேன். எண்ணைச் சுற்றி கிரீஸ் அப்பியிருந்ததால் விரலால் தடவிப் படித்தேன். மனோன்மணி எழுதிக்கொண்டாள். ஓரிடத்தில், "எட்டு" என்றேன். அவள் கொஞ்சம் தாமதித்தாள். "மூணுன்னு எழுதிக்கறேன் அண்ணி, எட்டுன்னா விரல் ரெண்டு பக்கமும் வளைஞ்சிருக்கும்" என்றாள். மறுபடி தடவினேன். மூன்றுதான். இரும்பு குளிர்ந்திருந்தது.

அக்டோபர் 21, செவ்வாய்

பழைய கியர் ஸ்டீயரிங்கோடு ஒட்டியிருந்தது. புதியதற்குத் தரையில் கியர். அதற்காக முன்னால் தரைத் தகட்டில் ஓட்டை வெட்டியிருக்கிறார்கள். அதன் வழியே பட்டறையின் மண் தெரிந்தது. எஞ்சினைத் தாங்கும் இரும்புத் தாங்கிகள் இரண்டையும் அறுத்துப் புதிதாகப் பற்றவைத்தாயிற்று. இடதுபுறத் தாங்கி கொஞ்சம் சாய்வாக இருந்ததைக் கைவைத்ததும் கண்டுபிடித்தேன். சென்னியப்பன் மட்டப்பலகை வைத்துப் பார்த்துவிட்டு, மறுபேச்சில்லாமல் அறுத்தார்.

"சைலன்சருதாங்க பெரிய தலவலி," என்றார். "அடியில எடமில்லீங்க. குட்டையா ஒண்ணுதான் போட முடியும். சத்தங் கொஞ்சம் வரும். ஆம்பளச் சத்தம்."

"சத்தம் எனக்குப் பொருட்டில்ல."

மனோன்மணி, "ரொம்ப வருமா?" என்று கேட்டாள். அவளுக்கு என்ன அக்கறை என்று தெரியவில்லை. தொலைபேசி டிரங்க் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் வெளியூர் இணைப்புக் கொடுக்கும் ஆபரேட்டராக இருந்தவள். மெதுவாக, தெளிவாகப் பேசிப் பழகியவள். அவளுக்குக் கத்தத் தெரியாது. ஆனால் என் கணவர் காலமாகி இங்கே வந்து சேர்ந்த நாளிலிருந்து, காரில் ஏறினால் அந்த மெல்லிய குரல் ஓய்வதே இல்லை. "முன்னால ஒரு டெம்போ, பின்னாடி கதவு தெறந்தே கெடக்கு பாருங்க." "இந்தப் பாலத்துக்கு எப்பப் பெயின்ட் அடிச்சாங்க?" "இடது பக்கம் ஒரு கன்னுக்குட்டி, அம்மாவத் தேடுதுபோல." இப்படி வீடு வரைக்கும். சாலை எனக்குத் தெரியாதா என்ன.

அக்டோபர் 24, வெள்ளி

ஒரு கனவு. கார் ஏறிக்கொண்டே போகிறது. சாலை இல்லை, சக்கரத்துக்கடியில் எதுவுமே இல்லை. எங்கும் வெள்ளை. பயமில்லை. யாரோ ஒருத்தி அமைதியான குரலில் ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்தாள். திருச்சி. வேலூர். நாகர்கோவில். அவள் சொல்லச் சொல்ல அந்தப் பக்கமாகத் திருப்பினேன்.

தீபாவளிப் பலகாரத்துக்கு அரிசி ஊறவைக்க வேண்டும்.

நவம்பர் 3, திங்கள்

எஞ்சின் உயிர் பெற்றது. கார்புரேட்டரைத் திருகித் திருகி, மூன்றாம் முறை சாவியைத் திருப்பியதும் கிளம்பியது. பட்டறைக் கூரைத் தகடு நடுங்கியது. என் கை ஸ்டீயரிங்கில் இருந்தது. நடுக்கம் தோள்வரை ஏறி, பல்லில் கூசியது. இருபது வயதுக்காரியைப் போல உணர்ந்தேன் என்று எழுதினால் அது மிகை. நாற்பது என்று எழுதுகிறேன்.

ஊருக்குள் ஒரு சுற்று ஓட்டினேன். மனோன்மணி பேசியது ஒன்றுமே கேட்கவில்லை. நிம்மதியாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அப்படி இருக்கவில்லை.

வீட்டுக் கேட்டின் வலதுபுறத் தூண் எப்போதோ சாய்ந்திருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை. உள்ளே நுழையும்போது அதன் சுண்ணாம்பு பம்பரில் ஒட்டிக்கொண்டது.

இரவுச் சாப்பாட்டின்போது மனோன்மணி ரசத்தைக் கலக்கியபடி சொன்னாள்: "அண்ணி, இந்த வருஷம் சென்னியப்பனையே ஓட்டச் சொன்னா என்ன? புது எஞ்சின். அவருக்குத்தான் அதோட குணம் தெரியும்."

"உனக்குப் பயமா இருந்தா வீட்ல இரு."

"நான் வராம நீங்க எங்க போறீங்க," என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

ரசத்தில் உப்பு இல்லை. அதைச் சொல்லவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

இதை நிதானமாக எழுத வேண்டும்.

காலையில் மலைக்கு வெள்ளோட்டம் கிளம்பினோம். பின் இருக்கையில் சென்னியப்பன், எஞ்சின் சத்தத்தைச் சோதிப்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கச்சேரி கேட்பவர்போலத் தொடையில் விரல் தாளம் போட்டது. எனக்குப் பக்கத்தில் மனோன்மணி.

பாக்குத் தோப்புகளைத் தாண்டியதும் ஏற்றம் ஆரம்பித்தது. பழைய எஞ்சின் இந்த இடத்தில் முனகும். இது முனகவில்லை. காலை லேசாக அழுத்தினால் போதும், யாரோ பின்னாலிருந்து கைகொடுத்துத் தூக்குவதுபோலக் கார் எழும்பியது. சாலை எனக்கு முன்னால் பால் நிறத் துணிபோல விரிந்துகொண்டே போனது. வெயிலும் மரங்களும் அதற்குள் கரைந்திருந்தன. முதல் வளைவு வந்தது, கை தானாகத் திருப்பியது. இரண்டாவதும் அப்படியே. எனக்கு எடையே இல்லை போலிருந்தது. பள்ளி வாசலில் ரோகிணி நின்றுகொண்டிருப்பதை நினைத்துப் பார்த்தேன். இந்தச் சத்தத்தைக் கேட்டு எல்லோரும் திரும்புவார்கள்.

மூன்றாவது வளைவுக்கு முன்னால் வெள்ளை கெட்டியாகிவிட்டது. எங்கே திருப்ப வேண்டும் என்பது தெரியவில்லை. பக்கத்தில் பார்த்தேன். மனோன்மணியின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. விடாமல் பேசிக்கொண்டிருந்தாள். அவள் முகம் மங்கலாக, ஆனால் மிகவும் அவசரமாக இருந்தது. ஒரு சொல்கூட என்னை எட்டவில்லை. எஞ்சின் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டிருந்தது.

இத்தனை வருடமாக அவள் வளவளத்துக்கொண்டு வந்ததாகத்தான் எழுதியிருக்கிறேன். டெம்போ, பாலம், கன்றுக்குட்டி. அவற்றில் ஒன்றையும் நான் கேட்காமல் விட்டதில்லை என்பதும், அவள் சொன்ன பக்கமாகத்தான் திருப்பிக்கொண்டிருந்தேன் என்பதும் அந்த இடத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

பிரேக்கை மிதித்தேன். சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினேன்.

அவ்வளவு அமைதியை நான் கேட்டதில்லை. பிறகு அந்த அமைதிக்குள் பெண்களின் குரல்கள், எங்களுக்கு மிக அருகில்.

"ஏம்மா, எங்க மேலயே ஏத்தலாம்னு பாத்தீங்களா?"

"வெறகோட சேத்து எங்களையும் எரிச்சுரலாம்னு நெனச்சுட்டாங்க போல, வா புள்ள."

சிரித்துக்கொண்டே கடந்து போனார்கள். எனக்கு நிறம்தான் தெரிந்தது, ஒரு சிவப்பும் ஒரு பச்சையும்.

சென்னியப்பன் கண்ணைத் திறந்து முன்னால் எட்டிப் பார்த்தார். "ஏனுங்கம்மா நிறுத்தீட்டீங்க? சூட்டு முள்ளு பாதிகூட ஏறலீங்களே."

நான் வாய் திறப்பதற்குள் மனோன்மணி சொன்னாள்: "சூடாயிருக்கும். புதுசா மாட்டினதுதானே. கொஞ்சம் ஆறட்டும், அண்ணி."

எனக்காக அவள் அதைத் தயாராக வைத்திருந்தாள். போன வருடமும் எஞ்சின் கொதிக்கவில்லை; அவள் தொண்டை கட்டியதால் வளைவு தெரியாமல் நிறுத்திவிட்டு, இந்தப் பொய்யை நானே சொன்னேன். நான் தலையசைத்தால் போதும். சென்னியப்பன் பானெட்டைத் திறந்து, குற்றமற்ற ஒரு எஞ்சினைக் குடைய ஆரம்பித்துவிடுவார். பிறகு இன்னும் பெரிய ரேடியேட்டர் போடச் சொல்லலாம்.

"இல்லை," என்றேன். "எஞ்சின் நல்லா இருக்கு. எனக்குத்தான் ரோடு தெரியலை."

சென்னியப்பன் முன்னால் குனிந்தார். "பனியாட்டந் தெரியுதுங்களா?"

"வெளியில பனி இருக்கா?"

"இல்லீங்க. வெய்யில் பளிச்சுனு அடிக்குது."

கையை மடியில் வைத்துக்கொண்டேன். "மனோ, எனக்கு முன்னால என்ன இருக்கு, சொல்லு."

அதுவரை நான் அப்படிக் கேட்டதே இல்லை. அவள் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, எந்த ஊர் வேண்டும் என்று கேட்கும் ஆபரேட்டரின் குரலில் சொன்னாள்.

"நாலு பொம்பளைங்க வெறகோட நம்மத் தாண்டிப் பின்னால எறங்கிப் போறாங்க. கடைசியா போறவ திரும்பிப் பாத்துச் சிரிக்கறா. முன்னால வளைவு. ஓரத்துல வெள்ளையடிச்ச கல்லு. கல்லுக்கு அந்தப் பக்கம் ஒண்ணுமில்ல, வெறும் வானம்தான், அண்ணி."

"கல்லுக்கும் நமக்கும் எவ்வளவு தூரம்?"

"ஒரு கட்டில் போடலாம்."

"உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

"ரெண்டு வருஷமா."

"ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா ஓட்டறதையா விட்டிருப்பீங்க? என்னத்தான் வீட்ல விட்டுட்டுப் போயிருப்பீங்க."

அது சரிதான்.

இறங்கினேன். கதவிலிருந்து கதவுக்குக் காரைத் தடவிக்கொண்டே சுற்றி வந்தேன். பானெட் இளஞ்சூடாக இருந்தது. முன்பக்க நீள இருக்கையில் மனோன்மணி நடுவில் நகர்ந்து எனக்கு ஓரத்தில் இடம் விட்டாள். சென்னியப்பன் ஸ்டீயரிங்குக்கு வந்து, "திருப்பீரலாங்களா?" என்று கேட்டார்.

"மேல போங்க," என்றேன். "எஞ்சின் எப்படி ஏறுதுன்னு பாக்க வேண்டாமா?"

அது அருமையாக ஏறியது. மனோன்மணி என் காதோடு வாயை வைத்துக்கொண்டு, கோத்தகிரி வரை எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டு வந்தாள். என் கால் மட்டும் ஒவ்வொரு வளைவிலும் இல்லாத பிரேக்கை மிதித்தது.

நவம்பர் 13, வியாழன்

கோயம்புத்தூர் கண் மருத்துவமனை. இரண்டு கண்ணிலும் புரை நன்றாக முற்றியிருக்கிறதாம். டாக்டர் சின்னப் பெண். இத்தனை நாள் எப்படி நடமாடினீர்கள் என்று கேட்டாள். என் பின்னால் நின்றிருந்த மனோன்மணி இருமினாள். வலது கண்ணுக்கு முதலில் அறுவைச் சிகிச்சை. டாக்டருக்கு, கோத்தகிரிச் சந்திப்பு நடக்கும் அதே இருபத்திரண்டாம் தேதி தோதாக இருந்தது. வேறு நாள் வேண்டுமா என்றாள். அதுவே இருக்கட்டும் என்றேன். இன்னொரு நாளைத் தேர்ந்தெடுத்தால் அந்த நாளுக்கு முன்னால் நான் மனம் மாறிவிடுவேன் என்று எனக்குத் தெரியும். பார்வை முழுதாகத் திரும்பும் வரை சாவி மனோன்மணியின் இடுப்பில் இருக்கும். அது என் ஏற்பாடு, அவளுடையது அல்ல.

ரோகிணிக்குத் தொலைபேசியில் இந்த வருடம் வர இயலாது என்று சொன்னேன்.

"மறுபடியும் காரா? அந்தப் பழசைத் தூக்கிப் போடேன், பிரபா."

"கார் அருமையா ஏறுது. எனக்குத்தான் கண் தெரியலை," என்றேன். தன் நாய்க்கும் கண்புரை என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

சாயங்காலம் சென்னியப்பன் வந்தார். வாசலில் நின்றபடியே பழைய எஞ்சினை என்ன செய்வதென்று கேட்டார். நல்ல எஞ்சின், தேவைப்படுகிற யாருக்காவது போகட்டும் என்றேன். காரில் வேறு ஏதாவது வேலை இருக்கிறதா என்றார்.

"சைலன்சரை மாத்தணும்."

"அடியில எடமில்லீங்கன்னு சொன்னனில்லீங்க."

"தரையை வெட்டுங்க, இல்ல பின்னால கொண்டுபோங்க. எப்படிங்கறது உங்க பாடு. பக்கத்து சீட்ல இருக்கறவங்க சாதாரணக் குரல்ல பேசினா ஓட்டறவங்களுக்குக் கேக்கணும். அதுதான் அளவு. நான் உக்காந்து சரிபாப்பேன்."

சென்னியப்பன் தலையைச் சொறிந்தார். உள்ளே மனோன்மணி பாத்திரங்களை அடுக்கிக்கொண்டு, எந்தக் கரண்டி எங்கே போயிற்று என்று தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தாள்.

"ஆப்ரேசன் ஆயிருச்சுன்னா உங்களுக்குத்தான் எல்லாமே தெரியப் போகுதுங்களே. அப்பறம் அவிய சொல்றத எதுக்குங்க கேக்கோணும்?"

"அவ பேசுவா," என்றேன். "எனக்குக் கேக்கணும்."